அசையாத அளவு

செயற்கைக் கால் செய்யும் அந்தக் கூடத்தில் வரதராஜுலுதான் மாணவர். வயது அறுபதை நெருங்கியிருந்தது. காலமெல்லாம் பலகையில் பென்சிலால் வரைந்தவர். கணினியில் வரையக் கற்றுக்கொடுத்த ரெஹானாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

அந்த மென்பொருளில் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயர் உண்டு. ஓர் அளவை இன்னோர் அளவோடு கட்டிவைக்கலாம். ஆளின் எடையோடு போல்ட், போல்ட்டோடு துளை, துளையோடு அதைச் சுற்றிய சுவர். எடையை மட்டும் மாற்றினால் மொத்தக் காலும் தானாக மாறிக்கொள்ளும்.

அதுதான் வரதராஜுலுவுக்குக் கிலி. பென்சில் கோடு போட்ட இடத்தில் கிடக்கும். இங்கே எங்கோ ஓர் எண்ணைத் தொட்டால் திரையில் எல்லாமே நகர்ந்தன.

"ஒண்ணத் தொட்டா எல்லாம் ஆடுதே மேடம். எத நம்பி எண் எழுதறது?"

முதலில் ஒரு கால் முடியட்டும் என்றாள் ரெஹானா.

கணுக்கால் குழாயாவது அசையாமல் நிற்கட்டும் என்று, அதன் வெளி அகலத்தை எதோடும் கட்டாமல் வெறும் எண்ணாக அடித்துவைத்தார் அவர். யாரிடமும் சொல்லவில்லை.

சடையப்பன் என்ற லாரி ஓட்டுநர் வந்தார். விபத்தில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. வாட்டசாட்டமான ஆள். அவருடைய எடையை அடித்தார்கள். படம் வளர்ந்தது. நைலானில் மாதிரிக் கால் கடைந்து வந்தது.

அதை மாட்டிக்கொண்டு சடையப்பன் இரண்டு கம்பிகளுக்கு நடுவே எழுந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. வரதராஜுலு திரைக்குத் திரும்பி, படத்தைக் குறுக்காக வெட்டிப் பார்த்தார்.

எடை கூடியதும் குழாயில் போல்ட் நுழையும் துளை பெருத்திருந்தது. வெளி அகலம் அவர் நிறுத்திய இடத்திலேயே நின்றது. நடுவில் சுவர் என்று சொல்ல ஒரு கோடுதான் மிச்சம்.

சடையப்பன் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டார். மறு கையும் தளர்ந்தது. வரதராஜுலு நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி, அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்தார்.

"கால ஊனாதீங்க."

ரெஹானா திரையில் இருந்த அந்த வெட்டுப் படத்தைப் பார்த்தாள். சடையப்பனை உட்காரவைத்துக் காலைக் கழற்றினாள். பட்டறை மேசையில் வைத்துக் கணுக்காலை ரம்பத்தால் அறுத்தாள். அறுந்த துண்டை வரதராஜுலுவின் கையில் கொடுத்தாள். விரலால் அழுத்தினார். சுவர் உள்ளே வளைந்து பிளந்தது.

பயத்தில்தான் வெளி அகலத்தை மட்டும் கட்டாமல் விட்டதாக அவர் சொன்னார். பயம் இப்போது இரண்டு மடங்காகிவிட்டது என்று சொல்லி, தன்னை அனுப்பிவிடும்படி கேட்டுக்கொண்டார்.

ரெஹானா சடையப்பனிடம் திரும்பினாள். "அண்ணே, எழுந்து இவர் தோள்மேல சாஞ்சு நில்லுங்க. முழு பாரத்தையும் போடுங்க."

சடையப்பன் தயங்கினார். பிறகு ஒற்றைக் காலில் எழுந்து, கிழவரின் தோளைச் சுற்றிக் கை போட்டுச் சாய்ந்தார். வரதராஜுலுவின் முழங்கால் மடங்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதரின் மூச்சு அவர் காதில் பட்டது.

ரெஹானா கணினியின் முன் உட்கார்ந்து, அந்த வெறும் எண்ணை அழித்தாள்.

"இப்பச் சொல்லுங்க சார். சுவர எதோட கட்டலாம்?"