பலகையில் தனியாய் நின்ற கோ

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டு வாசல் நிலைக்குப் பக்கத்தில், ஆணியில் ஒரு கரும்பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கோ என்கிற வார்த்தை குடியிருந்தது. ஆமாம், இங்கிலீஷ்காரன் ஊரிலிருந்து வந்த அதே கோதான். நம்ம ஊர் 'போ'வுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வீட்டுக்காரி பிளாரன்ஸ் ஒரு நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கு இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டும். அதனால் அவளும் புருஷன் தங்கையாவும் வீட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். யார் எங்கே கிளம்பினாலும் பலகையில் இங்கிலீஷில் எழுதிவிட்டுத்தான் படி இறங்க வேண்டும்.

அடடா, அப்போது கோவுக்கு என்ன மவுசு! வடகம் காயப்போட மொட்டைமாடிக்கு ஏறினால், 'கோ அப்' என்று அப் கூட வரும். குழாயடிக்கு இறங்கினால் டவுன் வரும். மறந்த குடையை எடுக்கத் திரும்பினால், 'கோ பேக்' என்று பேக் வரும். ஒருநாள் மீன்குழம்பில் உப்பு கூடிப்போய்ச் சண்டை முற்றியதில், தங்கையா கோவுக்குப் பக்கத்தில் அவேயை எழுதி, 'போய்த் தொலை' என்று ஆக்கிவிட்டான். பிளாரன்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு நடந்துவிட்டாள். மூன்று நாள் கடைச்சோறு தின்று நாக்குச் செத்துப்போய், நாலாம் நாள் அவனே போய்க் கூட்டிவந்தான். வந்ததும் முதல் வேலையாக அவள் அவேயை அழித்தாள்.

ஆனாலும் அன்றாடக் கூட்டாளிகள் அண்ட்டும் கம்மும்தான். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் பிளாரன்ஸ், 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று எழுதுவாள். போயிட்டு வாரேன் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு வேறு எப்படி இங்கிலீஷ் வரும்?

"எல்லாம் என்னாலதான் நடக்கு. நீங்க ரெண்டு பேரும் சும்மா வாலு," என்று கோ பீற்றிக்கொள்ளும்.

"சரிங்கண்ணே," என்று அண்ட் சிரிக்கும். இந்தப் பக்கம் ஒரு கையும் அந்தப் பக்கம் ஒரு கையும் கோத்துக்கொண்டு நிற்பதே அதன் பிழைப்பு. கம்மோ, "நீங்க பேசுங்க, நான் வாசலப் பாத்துக்கிட்டிருக்கேன்," என்னும்.

அவளுக்குப் பரீட்சைப் பயிற்சி கொடுத்த சார் ஒருநாள் வீட்டுப் பக்கம் வந்தவர், அந்த வாக்கியத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "வெள்ளக்காரன் இப்படிச் சொல்ல மாட்டாம்மா. போறேன்னா போதும்." பாவம், அவர் இங்கிலீஷுக்குச் சரியாகத்தான் சொன்னார். அன்றைக்கே ஈரத்துணியால் அண்ட்டையும் கம்மையும் துடைத்துவிட்டாள் பிளாரன்ஸ்.

"பாத்தீங்களா!" என்று கோ நெஞ்சை நிமிர்த்தியது. யாரிடம் சொன்னது? பக்கத்தில்தான் ஆளே இல்லையே. ஒரு வாரத்துக்குள் அதற்குப் பலகை ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

பரீட்சை பாஸாகி, வேலையும் வந்தது. கிளம்புகிற நாள். வாசலில் கார் நின்றது. பிளாரன்ஸ் வழக்கம்போல் சாக்பீஸை எடுத்து, 'ஐ வில் கோ' என்று தப்பில்லாமல் எழுதினாள்.

தங்கையா பெட்டியைக் கீழே வைத்துவிட்டான். "என்னட்டி எழுதியிருக்க?"

"சரியாத்தானங்க எழுதியிருக்கேன்."

"கடைக்குப் போனாலும் போயிட்டு வாரேன்னுதான சொல்லுவோம்? வெறுமன போறேன்னு இந்த வீட்டுல யாரு சொல்லியிருக்கா? நீ ரெண்டு வருசத்துக்குப் போற பிள்ள!"

"இங்கிலீஷ்ல அப்படித்தான்னு சார் சொன்னாரு."

"சாரு என்னைப் பெயிலாக்கிட்டுப் போகட்டும். தினமும் இந்தப் பலகையைப் பாக்கப்போறவன் நான்லா!"

கோவுக்கு மானம் போயிற்று. இந்த மனுஷன் இரண்டு வருஷம் தன் வெறும் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டா இருக்க வேண்டும்? 'எம்மா, அவங்களக் கூப்பிடும்மா,' என்று கெஞ்சியது. எழுத்து கெஞ்சுவது யார் காதில் விழும்? ஆனால் பிளாரன்ஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் சாக்பீஸை எடுத்தாள். அண்ட்டை எழுதினாள். கம்மைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள்.

"போயிட்டு வாரேங்க," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

"தம்பி, நான் பேசுனதுக்கு மன்னிச்சிரு," என்றது கோ.

"விடுங்கண்ணே," என்றது அண்ட். "கையக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. இந்தத் தடவை தூரம் சாஸ்தி."

அதன் பிறகு பலகையில் யாரும் எதுவும் எழுதவில்லை. தங்கையா எழுத்தில் துணி படாமல் ஓரத்தூசியை மட்டும் துடைப்பான். மூன்று பேரும் பழைய கதை பேசியே பொழுதைக் கழித்தார்கள். மொட்டைமாடி வடகம், மீன்குழம்புச் சண்டை, மறந்த குடை. "அந்த அவே பயலக்கூடப் பாக்கணும்போல இருக்குடே. அன்னைக்கு நாலாம் நாளே திரும்பிட்டாள்லா," என்று கோ பெருமூச்சு விடும். பிறகு, "வாசல்ல யாரும் தெரியுதா?" என்று கேட்கும்.

"இன்னும் இல்லண்ணே," என்னும் கம்.

இரண்டு வருஷம் முடிந்து ஒரு மத்தியானம் வாசலில் கார் வந்து நின்றது. "அண்ணே!" என்று கம் கத்தியது.

பிளாரன்ஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் பலகையின் முன்னால் வந்து நின்றாள். மங்கிப்போன எழுத்தைப் பார்த்து அழுதாள், சிரித்தாள். பிறகு ஈரத்துணியை எடுத்து, கம்மை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் துடைத்தாள்.

அத்தனை நாள் பெருமையடித்துத் திரிந்த கோ, சந்தோஷமாக அழிந்தது.