தடுத்தவர் பெயர்

கதை முடியும்போது ஒரு படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கும். அதில் யார் பெயரை எழுதுவது என்று சொல்ல வேண்டியது வாசிப்பவர் பொறுப்பு.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் தட்டச்சுத் தேர்வு நடந்தது. எழுத வருகிறவர்கள் மிஷினையும் கொண்டுவர வேண்டும் என்பதால் காலையிலிருந்தே வளாகம் முழுக்க வேன்களும் கூச்சலும். தலைமைக் கண்காணிப்பாளர் சிவகடாட்சத்தின் பொறுமை ஒன்பது மணிக்கே தீர்ந்துவிட்டது.

பத்தரைக்கு முதல் மணி. அதிலிருந்து கால் மணி நேரம் மிஷின்களை மேஜையில் வைத்துச் சரிபார்ப்பதற்கு. பத்தே முக்காலுக்கு இரண்டாம் மணி அடித்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் வருகிறவரிடம் நுழைவுச்சீட்டும் மிஷினும் இருந்தால் போதும், தலைமைக் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பலாம். விதி அவ்வளவுதான்.

பத்து முப்பத்திரண்டுக்கு வாட்ச்மேன் உச்சிமாகாளி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் வந்தார். அவள் பெயர் செண்பகக்கனி. கணவன் இறந்தபின் அவன் அலுவலகத்திலேயே கருணை அடிப்படையில் கிடைத்த தற்காலிக வேலையில் இருக்கிறாள். இன்னும் இரண்டு மாதத்துக்குள் தேறினால்தான் அந்த வேலை நிலைக்கும். நுழைவுச்சீட்டைக் கையில் வைத்திருந்தாள். மிஷின் வராந்தாவில் இருந்தது.

"இன்ஸ்டிட்யூட் சீல் வச்ச துண்டுச்சீட்டு இல்ல சார். அதான் கேட்லயே நிப்பாட்டிட்டேன்" என்றார் உச்சிமாகாளி.

மிஷின்கள் ஒன்றுக்கொன்று மாறிப்போகாமலிருக்க இன்ஸ்டிட்யூட்காரர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அந்தத் துண்டுச்சீட்டு. விதியில் அது கிடையாது. சிவகடாட்சத்துக்கும் அது தெரியும்.

"ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா போயிருவேன் சார்" என்றாள் செண்பகக்கனி.

"இரும்மா. முதல்ல இதை முடிச்சுக்கிடுதேன்."

இது என்பது ஒரு படிவம். வாசலில் யாரை நிறுத்தினாலும் அதை நிரப்பி அனுப்ப வேண்டும். போன தேர்வில் வாசலோடு திரும்பிப்போன ஒருவனுக்கு வெறுமனே ஆப்சென்ட் என்று எழுதிவிட்டு, மேலிடத்துக்கு ஆறு மாதம் விளக்கம் எழுதியவர் சிவகடாட்சம். படிவத்தில் ஆங்கில வினைச்சொற்கள் மூன்று. ஒன்றில்தான் டிக் போடலாம். டிபார்டு என்றால் இரண்டு வருடம் தேர்வுப் பக்கம் தலைகாட்ட முடியாது. எக்ஸ்க்ளூடட் என்றால் ஆறு மாதம் கழித்துப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பிரிவென்டட் என்றால் எழுத வந்தவரை இன்னொருவர் தடுத்துவிட்டார் என்று ஆகும். அவருக்கு மூன்று வாரத்தில் மறுதேர்வு உண்டு. ஆனால் பக்கத்துக் கட்டத்தில் தடுத்தவர் பெயரை எழுத வேண்டும்.

"என் பேரை எழுதிராதீங்க சார். நான் தடுக்கல, நிப்பாட்டுனேன். ரெண்டும் ஒண்ணா? ரிட்டயராக எட்டு மாசம்தான் இருக்கு."

"நிப்பாட்டுறதுக்கு இதுல கட்டம் இல்லவே!"

சிவகடாட்சம், செண்பகக்கனி படிக்கும் தட்டச்சு இன்ஸ்டிட்யூட்டை நடத்தும் ஞானதிரவியத்தை ஆள் அனுப்பி வரவழைத்தார். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நீரு ஏன்வே சீட்டுக் குடுக்கல?"

"ஒரு மாசமா கிளாசுக்கே வரல சார். வீட்ல பழகுதாளாம். நாளைக்கு ஃபெயிலானா என் இன்ஸ்டிட்யூட் பேருல்லா கெடும்? அதான் என் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டேன். எக்ஸ்க்ளூடட்னு போடுங்க, பொருத்தமா இருக்கும்."

"ஒம்ம லிஸ்ட்டும் தேர்வு லிஸ்ட்டும் ஒண்ணா?"

"அப்ப டிபார்டு போடுங்க."

"அந்தப் பொண்ணு என்ன காப்பியா அடிச்சுது?"

"சார், மணி..." என்றாள் செண்பகக்கனி.

"உனக்காகத்தாம்மா மண்டைய உடைச்சுக்கிட்டிருக்கேன்!"

சிவகடாட்சம் மேஜை இழுப்பறையிலிருந்து அகராதியை எடுத்தார். முதல் சொல்லுக்குப் பொருளாக இரண்டாவது சொல் இருந்தது. இரண்டாவதற்கு மூன்றாவது. மூன்றாவதைப் புரட்டினால் அது முதல் சொல்லிடமே திருப்பி அனுப்பியது. அகராதியை மூடினார். மறுபடி திறந்தார்.

"இதை எழுதினவன் ஒருநாளாவது கேட்ல நின்னிருக்கானா?" என்று பற்களைக் கடித்தார்.

"பொதுவா கேட் மூடியிருந்ததுன்னு எழுதுங்களேன்" என்றார் உச்சிமாகாளி.

"மூடுனது யாருன்னு கேப்பான்."

"காத்துன்னு எழுதுங்க" என்றார் ஞானதிரவியம்.

இரண்டாம் மணி அடித்தது. தேர்வு அறையின் கதவு சாத்தப்படும் சத்தமும், சற்றுப் பொறுத்து நாற்பது மிஷின்கள் ஒரே நேரத்தில் தட்டத் தொடங்கும் சத்தமும் கேட்டன. செண்பகக்கனி நுழைவுச்சீட்டை இரண்டாக மடித்தாள். பிறகு நான்காக.

இப்போது எந்தச் சொல் என்பதில் சிவகடாட்சத்துக்குச் சந்தேகமில்லை. பிரிவென்டட் மீது டிக் போட்டார். பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. வாசலில் நிறுத்தியவரும் சீட்டுத் தராதவரும் அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது சரி?

விடை: உச்சிமாகாளி நிறுத்தினார், ஆனால் பத்து முப்பத்திரண்டுக்கே அவளை அனுமதி தரக்கூடியவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஞானதிரவியம் தராமல் வைத்துக்கொண்ட சீட்டுக்கு விதியில் இடமில்லை. இருவர் செய்ததும் தவறுதான், ஆனால் இருவராலும் அவளுடைய தேர்வு போகவில்லை. மிச்சமிருந்த பதின்மூன்று நிமிடமும் ஒரே மனிதரிடம் இருந்தது. அந்தக் கட்டத்துக்குரிய பெயர் சிவகடாட்சம். நெடுநேரம் பேனாவை மூடியும் திறந்தும் பார்த்துவிட்டு அவரும் அதைத்தான் எழுதினார். இனி விளக்கம் எழுதப்போகும் மாதங்களை நினைத்து எரிச்சலோடு படிவத்தை அவள் பக்கம் திருப்பி, "மூணு வாரத்துல திரும்ப எழுதலாம், போயிட்டு வாம்மா" என்றார். செண்பகக்கனி அதை முழுக்கப் படித்துவிட்டுக் கேட்டாள்: "அன்னைக்கும் நீங்கதான் இருப்பீங்களா சார்?"