துண்டு சுமந்த சிட்டு

ஏய் செவ்வந்தி, காலை ஆட்டாம படு. ம் கொட்டுனாத்தான் அத்தை கதை சொல்லுவேன். இடையில நொய் நொய்னா நிறுத்திப்புடுவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு குட்டைக் குதிரை இருந்துச்சாம். ஊருன்னா மலையூரு, பஸ்ஸெல்லாம் போகாது. விளையிற வாழைத்தாரு பூராவும் குதிரை முதுகுலதான் சந்தைக்கு இறங்கணும். உப்பு, அரிசி அதே முதுகுலதான் ஏறணும். அந்தக் குதிரை பேரு சிட்டு. தடிச்ச காலு, சின்னக் குளம்பு. அந்த மலைக்கே உள்ள சாதி அது. மத்த வீட்டுக்காரவுக எல்லாம் வித்துத் தொலைச்சாச்சு. பொட்டைக் குதிரையில மிச்சம் இது ஒண்ணுதான்.

"ம்..."

மலையடிவாரத்துல ஒரு பாறை. சிட்டு தானாப் போயி விலாவை அதுல ஒட்டி நிக்கும். பாறை மேல ஏறி மூட்டையை வைக்கணும். முதுகுல பாரம் விழுந்தாத்தான் நடக்கும், இல்லேன்னா ஒரு அடி எடுத்து வைக்காது.

அதை வளத்தவன் குப்பமுத்து. ஒரு நாள் சந்தையில நாலு பேரு சிரிச்சானுக. "என்னய்யா, இது குதிரையா கழுதையா?" அப்போ இந்த வெக்கங்கெட்டவன் என்ன சொன்னான் தெரியுமா? "என்னுது இல்லண்ணே, பக்கத்து வீட்டுது"ன்னான். சிட்டு பக்கத்துலயேதான் நிக்குது, பாவம்.

அப்புறம் அங்கனயே ஒரு சவாரிக்காரன்கிட்ட சிட்டைக் குடுத்துட்டு, உசந்த குதிரை ஒண்ணை மாத்திக்கிட்டான். அந்தப் பவுசுக்குத் தோள்ல ஒரு புதுத் துண்டு வேற. வீட்டுக்கு வந்தா அவன் பொண்டாட்டி பொம்மாயி தலையில அடிச்சுக்கிட்டா. "அடப்பாவி! அது வயித்துல குட்டி தரிச்சிருக்குய்யா. அதுவும் போச்சுன்னா இந்தச் சாதியே அத்துப்போகும்!"

"போடி, உசரத்தைப் பாரு"ன்னான்.

உசரத்தை வச்சு மலையில என்ன பண்ண? மொதத் தடவை பாறை இடுக்குல நுழைஞ்சுச்சு, மூட்டை ரெண்டு பக்கமும் இடிச்சு அப்படியே நின்னுபோச்சு. ரெண்டாந் தடவை மழைக்காலம், ஓடையில சர்ர்ர்னு வழுக்கி உக்காந்துருச்சு. மூணாந் தடவை மார்கழி மஞ்சு. வழி தெரியாம மிரண்டு எகிறுச்சு பாரு, தடதட தடதடன்னு வருசத்து வெள்ளாமை பூராவும் பள்ளத்துல! அந்தக் குதிரையைக் குத்தம் சொல்லக்கூடாது. அது சமதரையில பொறந்தது.

பொம்மாயி ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு அவனுக்கு. சோறு இறங்கல. உசந்த குதிரையைப் பிடிச்சுக்கிட்டு மலையை விட்டு இறங்குனான்.

அப்போ திருவிழாத் திடல்ல பிள்ளைகளை ஏத்திக்கிட்டு வட்டமாச் சுத்திக்கிட்டு இருந்துச்சு சிட்டு. வயிறு சரிஞ்சிருந்துச்சு. கழுத்துல காகித மாலை. அதைப் பாத்ததும் குப்பமுத்து துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டான். மூடுனா விட்டுருமா? மோந்து பாத்துக் கண்டுபிடிச்சு, ங்ஹிஹிஹின்னு கனைச்சுச்சு.

சவாரிக்காரன்கிட்ட உசந்ததைக் குடுத்துட்டுக் குட்டையைக் கேட்டான். நின்னவுக எல்லாம் சிரிச்சாக. "யாரு குதிரைய்யா இது?"

"என்னுது"ன்னான். "என்னுதுதான்யா."

தூங்கிட்டியாடி?

"ம்ஹூம்... குட்டி?"

இரு, அவசரக்குடுக்கை. அப்புறம் ரெண்டு பேரும் மலையடிவாரம் வந்தாக. சிட்டு தானாப் போயி விலாவைப் பாறையில ஒட்டி நின்னுச்சு. ஏன்டா என்னைக் குடுத்தேன்னு முறைக்கல, உதைக்கல. பாரத்தை வைன்னு நிக்குது, அந்த வயித்தோட! குப்பமுத்துக்குப் பூமி பொளந்தா உள்ள போயிரலாம்னு இருந்துச்சு. "பாரம் வேணாம் தாயி, சும்மா நட"ன்னான். நகரல. தட்டிப் பாத்தான். நகரல. கையெடுத்துக் கும்பிட்டான். ம்ஹூம்.

அப்போதான் தோள்ல கெடந்த துண்டை எடுத்தான். மடிச்சு, மெதுவா அது முதுகுல வச்சான். வெறுந்தோளோட தலையைக் குனிஞ்சு நின்னான். டொக்கு டொக்கு டொக்குன்னு சிட்டு மலையேறுச்சு. முன்னால போக மூஞ்சி இல்லாம இவன் பின்னாலயே போனான்.

குட்டியா? போட்டுச்சு. ஆத்தா மாதிரியே குட்டை, பொட்டைக்குட்டி. ஊரே பாக்க வந்துச்சு. தன் வீட்டுக் குதிரையை வித்தவுகதானே அம்புட்டுப் பேரும்? ஒருத்தர் மாத்தி ஒருத்தர் குட்டியைத் தடவிப் பாத்துட்டுப் போனாக. குப்பமுத்து மட்டும் அதுக்கப்புறம் தோள்ல துண்டே போட்டதில்லையாம்.

சிட்டும் வீடு சேந்துச்சு, கதையும் வீடு சேந்துச்சு. நீ கண்ணை மூடு தாயி.