எண்ணெய் பிரியும்வரை

“அவன்தான் சாமி என் குடும்பத்தைக் கெடுத்தான். பேரு தெரியாது. இந்தப் பட்டியலை எழுதினவன்.”

மடத்து அடுக்களை வாசலில் நின்று வைரவன் கத்தினார். பாவூர்சத்திரத்தில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். கூடை தூக்கி மேலே வந்த ஆள். அறுபது வயதிலும் தொண்டையை வைத்தே பாதி பேரத்தை முடித்துவிடுவார்.

உள்ளே ஞானவல்லி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மடத்துக்குச் சமைக்கிற துறவி. அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள். மனக்குறையோடு வருகிறவர்கள் அவளிடம்தான் வருவார்கள்.

“என்ன பட்டியல், அண்ணாச்சி?”

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஒரு பக்கம் சமையல் எண்ணெய். மறுபக்கம் தக்காளி விழுது.

“நீங்களே பாருங்க. வைட்டமின் சி, எண்ணெய்ல சுழி. நார்ச்சத்து, அதுவும் சுழி. கலோரி மட்டும் நூறு கிராமுக்குத் தொள்ளாயிரம். தக்காளி விழுதுல எல்லாம் இருக்கு, கலோரி நாப்பதுகூட இல்ல. எது ஒசத்தி?”

“நீங்க சொல்லுங்க.”

“தக்காளிதான். அதான் வீட்ல ஒரு சொட்டு எண்ணெய் கூடாதுன்னேன். டின்னைக் கொண்டுபோய் மண்டியில வச்சுப் பூட்டினேன்.”

“வீட்ல என்ன சொன்னாங்க?”

குரல் இறங்கியது.

“செண்பகவடிவு அதிகம் பேசமாட்டா. எண்ணெய் பிரியாம அது குழம்பு இல்லன்னு சொன்னா. அவ்வளவுதான். நாப்பது வருசம் கரண்டி பிடிச்சா டாக்டர் ஆயிருவியான்னு கேட்டேன். மருமகன் உக்காந்திருக்கான். சாப்பாட்டுத் தட்டையும் தள்ளிவிட்டேன்.”

“அப்புறம்?”

“கரண்டியைக் கழுவிக் கவுத்தினா. மக வீட்டுக்குப் போயிட்டா. எட்டு மாசம் ஆச்சு. அந்தப் பட்டியல்காரன் வந்து அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும் சாமி.”

ஞானவல்லி ஒரு கிண்ணத்தில் கடலை எண்ணெய் ஊற்றி நீட்டினாள்.

“குடிங்க.”

“குடிக்கவா?”

“தொள்ளாயிரம் கலோரி. சும்மா கிடைக்குது, விடாதீங்க.”

ஒரு வாய். அதற்குமேல் இறங்கவில்லை.

காய்ந்த சட்டியை அடுப்பில் வைத்தாள். தக்காளி விழுதைக் காட்டினாள்.

“இப்ப ஒசத்தியானதை வதக்குங்க.”

விழுது சட்டியில் ஒட்டியது. தெறித்தது. கரிந்தது.

“அடிபிடிக்கி சாமி!”

“ஆமா. ஒசத்தியா அடிபிடிக்குது.”

சட்டியைத் தேய்த்துக் கழுவித் திரும்ப அடுப்பில் ஏற்றினாள். எண்ணெய் ஊற்றினாள், அதன்மேல் புது விழுதைக் கொட்டினாள். கரண்டியை அவர் கையில் கொடுத்தாள்.

“கிண்டுங்க. எண்ணெய் பிரியும்போது இறக்கணும்.”

நாற்பது வருசம் வீட்டு அடுக்களைக்குள்ளிருந்து அவர் காதில் விழுந்த வார்த்தை. சோறு எங்கே என்று இவர் கூடத்திலிருந்து கத்துவார். எண்ணெய் பிரியட்டும் என்று செண்பகவடிவு உள்ளிருந்து சொல்வாள். தாமதத்துக்குச் சொல்கிற சாக்கு என்றுதான் நினைத்திருந்தார். ஒரு நாள்கூட எழுந்துபோய்ப் பார்த்ததில்லை.

கிண்டினார்.

“எண்ணெயைக் காணோமே.”

“கிண்டுங்க.”

பச்சை வாசனை போனது. கை வலித்தது. விழுது சுருண்டு சட்டியின் நடுவுக்கு வந்தது. அதைச் சுற்றி, ஓரத்தில், எண்ணெய் மெல்லத் திரும்பி வந்தது.

வைரவன் குனிந்தார்.

“சிவப்பா வருது.”

ஊற்றும்போது மஞ்சளாக இருந்த எண்ணெய்.

ஞானவல்லி அந்தத் தாளை அடுப்புக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

“இந்தச் சிவப்பை எந்தப் பக்கத்துல எழுதணும், அண்ணாச்சி?”

அவர் தாளைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார்.

“தினமும் இதைப் பாத்துக்கிட்டு நின்னிருக்கா,” என்றார். “நான் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல.”

“பட்டியல் எழுதினவரைத் தேடிப் பிடிக்கணுமா?”

அவர் அடுப்பை அணைத்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

“ஏலே வைரவா,” என்றார், சந்தையில் கூப்பிடுகிற அதே குரலில். “இப்பமாவது போய் அவ முன்னால நில்லு. அவ என்ன கேட்டாலும் குறைச்சுக் கேக்காத.”