சிவப்பு ஜெர்சி

“கோச், பயிற்சியில ஒரு பந்துகூடத் தப்ப மாட்டேங்குது. மேட்ச்ல மட்டும் ஏன் இப்படி ஆகுது?”

வெஸ்லிக்கு இருபத்திரண்டு வயது. அந்த அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் அவன்தான். இனியும் அவன்தானா என்பது ஞாயிற்றுக்கிழமை மேட்சில் தெரிந்துவிடும். போன இரண்டு மேட்சிலும் சேர்த்து ஐந்து பந்துகளை எதிரணியின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்திருந்தான். அவனுக்குப் பதிலாக ஆட ஒருவன் காலையிலேயே விமானத்தில் வந்து இறங்கி, பக்கத்து அலமாரியில் பையையும் வைத்துவிட்டான்.

பயிற்சியாளர் ஹார்லன் லேசில் வாய் திறக்கிற மனிதர் இல்லை. மைதானத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

“பந்து கைக்கு வந்ததும் முதல்ல எதைப் பாக்கிற?”

“அடிக்க வர்றவங்களை.”

“நீ எறியிறதைப் பிடிக்கத் தூரத்துல ஓடுறானே நம்ம ஆளு, அவனை?”

“அதுக்குள்ள மேல விழுந்துடறாங்க கோச்.”

பையன் பொய் சொல்லவில்லை. அவனைக் காக்க முன்னால் ஐந்து தடியர்கள் வரிசையாக நிற்பார்கள்தான். ஆனாலும் எந்தச் சந்தில் எவன் புகுந்து வருவானோ என்று அவன் கண் அலைந்துகொண்டே இருக்கும். கையில் இருப்பது மூன்றே நொடி. அது அலைவதிலேயே போய்விடும்.

பயிற்சியில் அந்தத் தொல்லை கிடையாது. குவார்ட்டர்பேக் மட்டும் சிவப்பு ஜெர்சி போட்டிருப்பான். சிவப்பை யாரும் தொடக் கூடாது.

“அதைக் கழட்டு,” என்றார் ஹார்லன்.

இன்றைக்கு எலும்பை எண்ணப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வெஸ்லி கழற்றினான்.

ஹார்லன் அதை வாங்கி சியோனேயிடம் நீட்டினார். சியோனே அந்த ஐவரில் ஒருவன். நூற்று நாற்பது கிலோ. ஜெர்சி அவன் தோளைத் தாண்ட மறுத்தது. சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டான்.

“சியோனே, இன்னைக்கு நீ எறி. வெஸ்லி, நீ போய் அவன் இடத்துல நில்லு.”

துணைப் பயிற்சியாளர் ஓடி வந்தார்.

“ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு ஹார்லன்! பையனுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க வேலையும் சேர்ந்து போயிடும்.”

“தெரியும்.”

பயிற்சியில் எதிரணி ஆளாகப் பாய்ந்து வருபவன் டெம்ப்சி. எதிரே தயாராக நின்ற அவனிடம் ஹார்லன் சொன்னார்: “இன்னைக்குச் சிவப்புக்குச் சலுகை இல்ல. மேட்ச்ல வர்ற மாதிரியே வா.”

பந்து சியோனேயின் கைக்குப் போனது.

டெம்ப்சி கிளம்பினான். வெஸ்லி இரண்டு கையாலும் அவனை முட்டுக்கொடுத்து நிறுத்தினான். பின்னால் சியோனே என்ன செய்கிறான் என்று திரும்பிப் பார்க்க வழியில்லை. பார்த்தால் டெம்ப்சி புகுந்துவிடுவான்.

ஒரு நொடி. ஒன்றரை இருக்குமோ என்னவோ.

வெஸ்லிக்கு வானம் தெரிந்தது. முதுகில் ஈரப் புல் ஒட்டியது. டெம்ப்சி அவனைத் தாண்டி ஓடுகிற சத்தம் கேட்டது. அடுத்து, தொம்மென்று ஒரு சத்தம்.

அலறிப்புடைத்து எழுந்தான். ஐயோ, என்னால்தானே என்ற ஒரே நினைப்பு. சியோனே மல்லாந்து கிடந்தான். அவன் மேல் டெம்ப்சி கிடந்தான்.

“மன்னிச்சுக்க சியோனே. ரெண்டு நொடிகூட என்னால தாங்க முடியல.”

அப்போதுதான் கவனித்தான். சியோனேயின் கையில் பந்து இல்லை.

தூரத்தில் ஓடிய ஆள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். கோணல்மாணலாகப் பறந்திருந்தாலும் பந்து போய்ச் சேர்ந்துவிட்டது.

ஹார்லன் சியோனேயின் பக்கத்தில் குந்தினார்.

“டெம்ப்சி நேரா உன்மேலதான வந்தான்? பாக்கலையா?”

சியோனே மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்:

“அவனை நான் எதுக்கு கோச் பாக்கணும்? முன்னாடி வெஸ்லி நின்னானே.”