டோக்கன் நம்பர் ஒன்று

மதுரையில் ஒரு வங்கியின் வீட்டுக்கடன் பிரிவுக்கு அங்கயற்கண்ணி என்பவர் தலைவராக இருந்தார். அவர் ஒப்பமிட்ட வீடு எதுவும் நீதிமன்றப் படி ஏறியதில்லை என்று ஊழியர்கள் சொல்வார்கள். இதில் ஒரு சிறு திருத்தம் உண்டு. ஒரு வீடு ஏறியது, வென்று திரும்பியது.

அவருக்கு முப்பத்தெட்டு வயது. அவரிடம் வேலை கற்க வந்த சூசைமாணிக்கத்துக்கு ஐம்பது. சீடர் குருவைவிட மூத்தவராக இருக்கக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை.

சூசைமாணிக்கம் இருபத்திரண்டு ஆண்டுகள் கிளைக் கவுன்டரில் இருந்தவர். தானே எழுதிக் கேட்டு இந்தப் பிரிவுக்கு வந்திருந்தார். மூன்று மாதப் பயிற்சியின் முடிவில் அங்கயற்கண்ணி ‘தகுதி’ என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் பழைய கவுன்டருக்கே திரும்ப வேண்டும். அங்கே பிரிவு உபசார விழா நடத்திச் சால்வை போர்த்தி அனுப்பியிருந்தார்கள். சால்வையைத் திருப்பிக் கொடுக்கும் முறை இன்னும் வகுக்கப்படவில்லை.

இரண்டு மாதம் போயிருந்தது. கவுன்டரின் வேகம் அவரை விடவில்லை. ஒரு ஃபைலை அரை மணியில் முடித்து நீட்டுவார். அது அதே வேகத்தில் திரும்பி வரும்.

அன்று அவர் கையில் இருந்தது மெகருன்னிசாவின் ஃபைல். அரசு மருத்துவமனையில் நர்ஸ். மொக்கச்சாமி என்பவரிடம் வீடு வாங்குகிறார். வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியும் விட்டார். மொக்கச்சாமிக்கு அந்த வீடு காலமான தந்தை சோலைமலை வழியாக வந்தது. வில்லங்கச் சான்றிதழ் சுத்தம், பட்டா சரி, வக்கீலின் கருத்தும் சாதகம். இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது.

அங்கயற்கண்ணி அதைத் திறக்கவில்லை.

“இதுக்குள்ள எத்தனை பேர் இருக்காங்க, சார்?”

“ரெண்டு பேர் மேடம். வாங்குறவங்க, விக்கிறவர்.”

ஃபைல் திரும்பியது. மறுநாள் அவர் யோசித்து, இறந்தவரையும் சேர்த்து மூன்று என்றார். மறுபடியும் திரும்பியது.

அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

“கவுன்டர்ல மனுஷங்களைப் பார்த்தே காலத்தை ஓட்டிட்டேன் மேடம். இங்கே பேப்பர் மட்டும்தான் இருக்கு. எனக்குத் தெரிஞ்சது எதுவும் இங்கே உதவாதா?”

அங்கயற்கண்ணி எழுந்தார். ஃபைலை எடுத்துக்கொண்டு சூசைமாணிக்கத்தின் மேசைக்கு வந்தார். எதிரே வாடிக்கையாளருக்குப் போட்டிருந்த நாற்காலியில் அதை நிமிர்த்தி உட்கார வைத்தார். சாய்ந்தது, சரி செய்தார்.

“டோக்கன் நம்பர் ஒண்ணு,” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

பக்கத்து மேசைக்காரர், வந்தவருக்கு டீ சொல்லட்டுமா என்று கேட்டார். சர்க்கரை போடாமல் சொல்லச் சொன்னார் சூசைமாணிக்கம்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கவுன்டரில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வயதான ஓய்வூதியக்காரர் யாரையாவது அழைத்து வந்தால், கூட வந்திருப்பது யார் என்றுதான் முதலில் கேட்பார். பெரியவரை முந்திக்கொண்டு கூட வந்தவர் பதில் சொன்னால், போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வார். பிறகு பெரியவரிடம் பேசுவார். வரிசை நகரவில்லை என்று மூன்று மேலாளர்கள் இதற்காகக் கடிந்திருக்கிறார்கள்.

குரலைத் தாழ்த்தி ஃபைலிடம் கேட்டார்.

“கூட வந்திருக்கிறது யாரு?”

ஃபைல் பேசவில்லை, ஃபைல்களின் சுபாவம் அப்படி. அவரே எடுத்துப் புரட்டினார். சோலைமலை 1989-இல் அந்த வீட்டை வாங்கியபோது யார் கூடப் போயிருப்பார்கள்? மூலப்பத்திரத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். சாட்சிகள் இருவர். முதலாமவர் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டாமவர் பேச்சியம்மாள், தகப்பனார் பெயர் சோலைமலை.

வாரிசுச் சான்றிதழை எடுத்தார். ஒரு மகன் மட்டும். மகள் இல்லை.

மொக்கச்சாமிக்குத் தொலைபேசினார். அவர், அக்காவை உசிலம்பட்டியில் கட்டிக்கொடுத்து முப்பது வருடமாகிறது, அதை எதற்கு எழுதுவது என்றார். அவரைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, சூசைமாணிக்கம் உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறினார்.

வீட்டை விற்கும் செய்தி பேச்சியம்மாளுக்கு எட்டவே இல்லை. அன்று தங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்தது தனக்கு மட்டும்தான் என்றும், அதனால்தான் அப்பா தன்னைக் கூட்டிப் போனார் என்றும் சொன்னார். இப்போதும் போடுவாராம். தம்பி நேரில் வந்து கேட்டால் போதுமாம்.

தம்பி போய்க் கேட்டார். கிரய ஒப்பந்தத்தின் காலத்தை நீட்டினார்கள். வாரிசுச் சான்றிதழைத் திருத்தினார்கள். அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒப்பமிட, மெகருன்னிசா வீட்டைக் கிரயம் பெற்றார். அந்த வீட்டுக் கதவை இனி யாரும் வழக்கோடு வந்து தட்ட வேண்டியதில்லை.

அதற்கு முன்பே பயிற்சியின் கடைசி நாள் வந்திருந்தது. அங்கயற்கண்ணி ‘தகுதி’ என்று எழுதினார். சூசைமாணிக்கம் அதைப் பார்த்துவிட்டும் நகரவில்லை.

“வக்கீல் கண்ணுக்கே தப்பினது. உங்களுக்கு முதல் நாளே தெரியுமா மேடம்?”

“தெரியாது சார். ஒரு வீட்டுக்குள்ள ரெண்டே பேர்னு யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். அவ்வளவுதான். மூணாவது, நாலாவது ஆள் யாருன்னு கண்டுபிடிக்க எனக்கு வராது.”

“உங்களுக்கு வராதா?”

“நான் ஒரு நாள்கூடக் கவுன்டர்ல உட்கார்ந்ததில்லை.”

அவர் எழுந்து, தன் ஃபைல் ஒன்றை எடுத்துக்கொண்டு சூசைமாணிக்கத்தின் மேசைக்கு நடந்தார். எதிர் நாற்காலியில் தானே உட்கார்ந்து, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டார்.

“டோக்கன் நம்பர் ரெண்டு,” என்றார். “கேளுங்க சார்.”