ஆட்சேபம் சொன்ன மூன்று முதலாளிகள்

ஓட்டைமதகுப்பட்டியில் சடையாண்டி, தவசி, ஒச்சப்பன் என்று மூன்று பங்காளிகள் இருந்தார்கள். வீடு, மாடு எல்லாவற்றையும் பாகம் பிரித்தவர்கள் மூளையை மட்டும் பொதுவில் வைத்திருந்தார்கள். அது இப்போது யார் வீட்டில் கிடக்கிறது என்பதுதான் மூவருக்கும் தெரியாது. மற்றபடி தங்கமான மனுஷர்கள், சும்மா சொல்லக் கூடாது.

மூவருக்கும் சேர்த்து ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. சித்திரை வெயிலில் கிணற்று மோட்டார் புகைந்து உட்கார்ந்துவிட்டது. "இன்னும் கொஞ்ச நாள் தண்ணி பாயலைன்னா கொடி மொத்தமும் கருகிரும். அப்புறம் பிள்ளைகளுக்கு எதை வச்சுச் சோறு போடுவேன்?" என்று தவசியின் மனைவி பேச்சியம்மாள் அழுதே விட்டாள்.

சைக்கிள் கடை சாகுல் பாய்தான் வழி சொன்னார்.

"வட்டிக்கடைப் பக்கம் போயிராதீங்கப்பா, கொடிக்காலையே எழுதி வாங்கிருவான். நம்ம கூட்டுறவுச் சங்கத்துல சேருங்க. எல்லாரும் போடுற சேமிப்புலேருந்துதான் கடன் தர்றாங்க. வட்டி கம்மி. லாபம் வந்தாலும் நமக்குத்தான். சேர்ந்துட்டா நீங்களும் ஒரு முதலாளி."

முதலாளி என்றதும் ஒச்சப்பன் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அங்கேயே முதலாளி மாதிரி இறக்கிவிட்டுக் கொண்டான்.

சங்கச் செயலாளர் திலகவதி பொறுமைசாலி. "பங்குத் தொகை கட்டணும். ஆளுக்கு ரெண்டு போட்டோ வேணும், வீட்டு விலாசத்துக்கு அத்தாட்சி வேணும். பழைய உறுப்பினர் ஒருத்தர் உங்களைக் கூட்டிட்டு வந்து அறிமுகப்படுத்தணும்" என்றார்.

வேப்பமரத்தடியில் ஆலோசனை நடந்தது.

"யாரு போட்டோன்னு சொல்லலையே?" என்றான் தவசி.

"சொல்லலைன்னா நல்லதாப் பாத்துக் கொண்டாங்கன்னு அர்த்தம்" என்றார் சடையாண்டி. மூவரிலும் மூத்தவர், அவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்!

"விலாசத்துக்கு அத்தாட்சி?"

"வீட்டு நம்பர் எதுல எழுதியிருக்கு?" என்று திருப்பிக் கேட்டார் சடையாண்டி.

"கதவுல."

"அப்ப கதவைத்தான் கேக்குறாங்க."

ஒச்சப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. "கதவைக் கழட்டிட்டா திருடன் உள்ள வந்துருவானே, அண்ணே?"

"நம்பர் இல்லாம எப்படிடா வருவான்? அவனுக்கு வீடு தெரியாதே!"

மறுநாள் மூவரும் தலையில் ஆளுக்கொரு கதவும் அக்குளில் சாமி படங்களுமாக, சங்கத்தின் பழைய உறுப்பினரான சாகுல் பாய் கடைக்கு வந்தார்கள். அவர் கையைப் பிடித்தால்தான் நடப்போம் என்றார்கள். கையை விட்டால் அவர் கூட்டிக்கொண்டு போனதாக ஆகாதாம். அவருக்கு இருப்பதோ இரண்டே கை. ஒச்சப்பன் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். கடைத்தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

சங்கத்தில் பாய், "இவரு சடையாண்டி, இது தவசி, இது ஒச்சப்பன்" என்றார். உடனே மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கும்பிட்டார்கள். "ரொம்ப சந்தோஷங்க. எந்த ஊரு நீங்க?" என்று தவசி ஒச்சப்பனை விசாரித்தான்.

திலகவதி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரே பக்கத்து ஸ்டூடியோவில் மூவரையும் போட்டோ எடுக்க வைத்து, வீட்டிலிருந்து ரேஷன் கார்டுகளை வரவழைத்து, ஒருவழியாகச் சேர்த்துக்கொண்டார். "கதவைத் தூக்கிட்டுப் போங்கப்பா" என்றார். அத்தாட்சியைத் திருப்பி வாங்கினால் உறுப்பினர் பதவி போய்விடும் என்று அவர்கள் அதைத் தொடவே இல்லை.

கிளம்பும்போது திலகவதி கனிவாகச் சொன்னார்: "மோட்டார் கடனைக் கூட்டத்துல வைக்கிறேன். யாரும் ஆட்சேபிக்கலைன்னா அன்னைக்கே பணம். இனிமே இது உங்க சங்கம். இதுல இருக்கிற பணத்தை உங்க சொந்தப் பணமா நினைச்சுப் பாத்துக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். "சடையாண்டி, தவசி, ஒச்சப்பன், மூணு பேருக்கும் மோட்டார் வாங்கக் கடன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று திலகவதி கேட்டார். ஊரே சும்மா இருந்தது. சாகுல் பாய் அப்பாடா என்று மூச்சு விட்டார்.

முன்வரிசையில் மூன்று கைகள் உயர்ந்தன.

"இவங்களை எங்களுக்குச் சின்ன வயசுலேருந்தே தெரியும், மேடம்" என்றார் சடையாண்டி. "இருந்த மோட்டாரைக் கருக்கினதே இவங்கதான்."

"ஒருத்தன் வீட்டுலயும் கதவுகூட இல்ல" என்றான் தவசி. "இவங்களை நம்பி எங்க சொந்தப் பணத்தை எப்படித் தர்றது?"

ஒச்சப்பனுக்கு மட்டும் மனசு இளகியது. "பாவம்ணே, பேச்சியம்மா மதினி அழுதுச்சே..."

"முதலாளி இரக்கப்பட்டா சங்கம் திவாலாயிரும்டா! கையை நல்லா தூக்கு!" என்று அதட்டினார் சடையாண்டி.

கடன் நின்றுபோனது. பாய் எழுந்து வெளியே போய்விட்டார்.

வாசலில் பேச்சியம்மாள் தவிப்போடு நின்றிருந்தாள். "என்னங்க ஆச்சு?"

"கவலைப்படாத. ஊரே சம்மதிச்சிருச்சு" என்றான் தவசி. "மூணே மூணு பேருதான் தடை."

"அப்ப அந்த மூணு பேரு வீட்டுக்குப் போயி, கால்ல விழுந்தாவது கேளுங்களேன்!"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சடையாண்டி பெருமூச்சு விட்டார்.

"போகலாம் தாயி. ஆனா வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மூணு வீட்டுலயும் நம்பரே இல்லையே!"